மொட்டை மாடியில் கத்தக் கூடாது

"ஏன் கத்துகிறீர்கள்?" என்று கேட்டிருந்தது. அவ்வளவுதான், ஒரே வரி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில், முகம் தெரியாத யாரோ எழுதிப் போட்டிருந்த வரி. அதைப் படித்ததும் மெர்சி நாற்காலியைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பழைய டெலக்ஸ் அறையில் அவளைத் தவிர ஒரு ஆள் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவள் இருப்பது மறைமலை நகரில். கேட்டவர் இருப்பது மெட்ராஸில் ஏதோ ஒரு வீட்டில். நடுவே ஓடுவது ஒரு டெலிபோன் கம்பி. அந்தக் கம்பி வழியாக அவள் அனுப்பியது வெறும் எழுத்து. எழுத்தைப் பார்த்து ஒருத்தி கத்துகிறாள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மெர்சியால் முடியவில்லை. ஏனென்றால் அவள் கத்துகிறவள்தான். சிங்கப்பெருமாள் கோவிலில் அவள் வீட்டில் பேசினால் எதிர் வீட்டில் பதில் சொல்வார்கள். மாதா கோவிலில் அவள் ஜெபம் சொன்னால் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இடது காது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. வலது காதும் இப்போது ஒருமாதிரிதான், பக்கத்தில் நின்று முகம் பார்த்துப் பேசினால் புரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது, தெரிய அவள் விட்டதும் இல்லை.

அதற்கு அவளுக்குத் தோதாக அமைந்தது டெலக்ஸ் அறை. இங்கே அடித்தால் தந்தி மாதிரி கம்பி வழியாகப் போய் அடுத்த ஊரில் அச்சாகிற அந்த மெஷின் ஓட ஆரம்பித்தால் நல்ல காது உள்ளவனுக்கும் ஒன்றும் கேட்காது. உள்ளே வருகிறவன் எவனாக இருந்தாலும் கத்தித்தான் பேசுவான், அவளும் கத்தித்தான் பதில் சொல்வாள். ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி அது. கார் இன்ஜினுக்கும் லாரி இன்ஜினுக்கும் எண்ணெய் கசியாமல் வைக்கிற வளையம். ஆர்டர் எல்லாம் டெலக்ஸில்தான் வரும், பதிலும் டெலக்ஸில்தான் போகும். அந்த அறைக்குள் மெர்சி ராணி மாதிரி இருந்தாள். மேனேஜர் ராஜசேகர் கூப்பிட்டு இவள் திரும்பாவிட்டால், மெஷின் சத்தம் என்று அவரே நினைத்துக்கொள்வார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்த ராஜ்ஜியத்துக்கு வந்தது வினை. ஃபேக்ஸ் மெஷின் வந்தது. டெலக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. டெலிபோன் போர்டில் உட்காருகிற கலைமதிக்கு அதே சமயத்தில் கல்யாணம் நிச்சயமாகி, ஐப்பசி முடிந்ததும் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ராஜசேகர் கணக்குப் போட்டார். ஒரு நாற்காலி காலியாகிறது, ஒரு ஆள் சும்மா இருக்கிறாள். மெர்சியை டெலிபோன் போர்டில் உட்கார வைத்தால் போச்சு.

காதே கேட்காதவளுக்குக் காதில் மாட்டுகிற வேலை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்? முதல் நாளே குட்டு உடைந்துவிடும். உடைந்தால் இத்தனை வருஷம் மறைத்தாயே என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் போ என்பார்கள்.

நல்லவேளையாக ராஜசேகருக்குப் புதுச் சாமான் என்றால் ஒரு கிறுக்கு. கம்ப்யூட்டரோடு, அதை டெலிபோன் கம்பியில் இணைக்கிற மோடம் என்று ஒரு பெட்டியையும் வாங்கி வைத்திருந்தார். ஓசூரில் இருக்கிற பெரிய வாடிக்கைக்காரர் வருகிற வருஷம் முதல் ஆர்டரை எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டாராம். யாராவது அதைப் பழகிக்கொள்ள வேண்டும். ஆபீஸில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்து எட்டி நின்றார்கள். மெர்சி மட்டும் நான் பழகுகிறேன் சார் என்று முன்னால் போய் நின்றாள்.

"சரி, பாருங்க. கலைமதி போறதுக்குள்ள நீங்க இத ஓட்டிக் காமிச்சீங்கன்னா இந்த சீட்டு உங்களுக்கு," என்றார் ராஜசேகர். "முடியலன்னா டெலிபோன்ல உட்கார்ந்துடணும். அப்புறம் மூஞ்சி தூக்கக் கூடாது."

பழகுவதற்கு எங்கே போவது? மோடம் விற்றவன் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்திருந்தான். பெரம்பூரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற ஒருவர் தன் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைத்து வைத்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் அதைக் கூப்பிட்டு உள்ளே போகலாம். உள்ளே ஒரு பலகை. தமிழோ இங்கிலீஷோ, இங்கிலீஷ் எழுத்தில் ஒருவர் எழுதி ஒட்டிவிட்டுப் போவார், அடுத்தவர் வந்து படித்துவிட்டு அதன் கீழே ஒட்டுவார். ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் போக முடியும், மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். அந்தப் பலகைக்குப் பெயர் மொட்டை மாடி. அதை நடத்துகிறவர் அங்கே தன் பெயரை வீட்டுக்காரர் என்று போட்டுக்கொண்டிருந்தார். பொருத்தமான பெயர்தான். மெட்ராஸ் வீட்டுக்காரருக்கு உள்ள அத்தனை லட்சணமும் அவருக்கு இருந்தது. ஆணி அடிக்காதே, ராத்திரி லேட்டாக வராதே என்கிற மாதிரி ஒரு நீளமான சட்டம் எழுதி வாசலிலேயே மாட்டி வைத்திருந்தார். மெர்சி அதைப் படிக்கவில்லை. டெலக்ஸில் வளர்ந்தவளுக்கு வாசலில் நின்று சட்டம் படித்துப் பழக்கமில்லை. கம்பி கிடைத்ததா, செய்தியை அடி, வெளியே வா. அதுதான் அவள் கற்ற மரியாதை.

அப்படித்தான் முதல் நாள் அடித்தாள். அனைவருக்கும் மறைமலை நகரிலிருந்து மெர்சி, நான் வருவது தெரிகிறதா, உறுதி செய்யவும், வணக்கம். மறுநாள் போய்ப் பார்த்தால் அதற்கு வந்த பதில்தான் ஏன் கத்துகிறீர்கள்.

யோசித்து யோசித்துப் பார்த்தாள். மெர்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பாள், டெலக்ஸ் நாளிலிருந்து வந்த பழக்கம். சொல்கிறது அவள் காதுக்கு எட்டாததால் அது எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. மோடத்தைப் பார்த்தாள். அது கூப்பிடும்போது கீச்சுகீச்சென்று கத்துகிறது என்று ஆபீஸே காதைப் பொத்திக்கொள்கிறது. சத்தம் போடத் தெரிந்த பெட்டிக்குச் சத்தம் கேட்கவும் தெரியும்தானே? டெலிபோனோடு சேர்த்துக் கட்டிய சாமான் வேறு. சந்தேகமே வேண்டாம், இதுதான் ஒட்டுக் கேட்டிருக்கிறது.

உடனே முந்தானையில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து மோடத்தை மூடினாள். அது போதாது என்று மேலே ஒரு ஃபைலையும் வைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, இரண்டாவது செய்தியை அடித்தாள். இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். பரீட்சை எழுதியவள் மாதிரி மறுநாள் ஓடி வந்து பார்த்தாள்.

"இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்," என்று எழுதியிருந்தார் வீட்டுக்காரர்.

அட, இது என்ன பெட்டி! அன்றைக்கு மெர்சிக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. கைக்குட்டையைத் தூக்கி, மோடத்தைத் திருப்பி, அடியில் காது மாதிரி ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. காற்றுக்காகவா, கேட்பதற்காகவா, யாருக்குத் தெரியும்? நேராகவே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். நான் கத்துவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, தயவுசெய்து விளக்கவும் என்று அடித்தாள். கூடவே இன்னொன்றும் கேட்டாள். டெலக்ஸில் பேச்சை ஆரம்பிக்கும் முன் இரண்டு மெஷினும் தத்தம் பெயரைச் சொல்லிக்கொள்ளும். யார் என்று தெரியாமல் ஒரு வார்த்தை நகராது. இங்கே என்னடாவென்றால் ஒருத்தன் பெயர் வீட்டுக்காரர், இன்னொருத்தன் பெயர் கொள்ளிவாய். நீங்கள் எல்லாம் யார், உண்மைப் பெயரைத் தெரிவிக்கவும் என்று கேட்டுவிட்டாள்.

அவள் வெகுளியாகக் கேட்டாள். அங்கே அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். கத்தாதே என்று சொன்னால் கத்திக்கொண்டே எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாளே, என்ன திமிர் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் பலகை முழுக்க அவள் பஞ்சாயத்துதான். அதில் கடைசியாக வந்தவன் கொள்ளிவாய். பேசுகிற மாதிரியே எழுதுகிறவன், வாயில் நல்ல வார்த்தையே வராது.

"எத்தினி தபா சொல்றது? சொன்னா ஏறாதா? நீ இன்னா செவிடா?"

மெர்சி மோடத்தை அணைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெரிந்துவிட்டது, முடிந்தது கதை. இத்தனை பேர் பக்கத்தில் நின்று கண்டுபிடிக்காததை, பெரம்பூர் மாடியில் இருக்கிற ஒரு பலகை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. அழுகை வந்தது. அழுதால் அதுவும் சத்தமாகக் கேட்குமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த கலைமதி பதறிப்போனாள். என்ன அக்கா, யார் என்ன சொன்னாங்க என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். மெர்சி காதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சும்மா திட்டுறாங்க, நான் கத்துறேனாம், ஏன்னே தெரியல என்று மட்டும் சொன்னாள். கலைமதி கெட்டிக்காரப் பெண். மறுபடியும் கம்பியைப் போடச் சொல்லி, மொட்டை மாடிக்குள் போய், எல்லாவற்றையும் மேலிருந்து கீழே படித்தாள். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மெர்சிக்கு எதிரே வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அக்கா, அவங்கல்லாம் சின்ன எழுத்துல எழுதிகினு கீறாங்க. நீங்க ஒருத்திதான் எல்லாத்தையும் கேபிடல் லெட்டர்ல அடிச்சி வச்சிகிறீங்க. அப்படி அடிச்சா கத்துற மாதிரியாம். வாசல்லயே மொத சட்டமா எழுதிகிறாங்க பாருங்க."

மெர்சி போய்ப் பார்த்தாள். ஆமாம், முதல் சட்டமே அதுதான். முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவது அடுத்தவர் காதில் கத்துவதற்குச் சமம், இங்கே அதற்கு இடமில்லை.

தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காதும் தெரியாது, குரலும் தெரியாது, மோடத்துக்கு ஒட்டுக் கேட்கவும் தெரியாது. பாவம் அதைப் போய்க் கைக்குட்டை போட்டு மூடினோமே என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுத்தபடியாகக் கோபம் வந்தது. வராதா பின்னே? ஒரு வாரம் ஒரு மனுஷியைத் தூங்கவிடாமல் செய்துவிட்டு, விஷயம் இவ்வளவுதானா?

டெலக்ஸில் சின்ன எழுத்து என்று ஒன்று கிடையாது. ஆர்டர் வந்தாலும் பெரிய எழுத்து, முதலாளியின் அம்மா செத்துப்போன செய்தி வந்தாலும் பெரிய எழுத்து. மெர்சி டைப் லோயர் பரீட்சை பாஸ் பண்ணியவள்தான், சின்ன எழுத்து தெரியாதவள் இல்லை. ஆனால் கடிதம் வேறு, செய்தி வேறு. செய்தியென்றால் பெரிய எழுத்து என்று அவள் விரலுக்கே தெரியும். அதோடு அவள் தமிழில் படித்தவள். தமிழில் பெரிய அ, சின்ன அ என்று இருக்கிறதா? நம் எழுத்துக்கு ஒரே குரல்தான். அழுதாலும் அதே க, சிரித்தாலும் அதே க. இந்தக் கதையைச் சொல்கிறபோதுகூட அவள் எப்படிக் கத்தினாள் என்று உங்களுக்கு அச்சில் காட்ட வழியில்லை, நீங்களாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதை எல்லாம் அப்படியே அடித்துப் போட்டாள், பெரிய எழுத்திலேயே. எழுத்துக்குச் சத்தம் உண்டு என்று எந்த ஊரில் சொன்னார்கள்? உங்கள் மோடமே இணைந்துவிட்டேன் என்பதையும் லைன் பிஸி என்பதையும் பெரிய எழுத்தில்தான் சொல்கிறது, முதலில் அதன் வாயை மூடுங்கள் என்று முடித்தாள். கலைமதி வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்தாள். கேட்டால்தானே.

வீட்டுக்காரர் பதிலைச் சுருக்கமாக எழுதியிருந்தார். வாதம் சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் வீடு என்னுடையது. இன்னொரு தடவை பெரிய எழுத்தில் வந்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

அதைப் படித்த பிறகுதான் மெர்சிக்குப் புத்தி வந்தது. ரோஷத்தில் எதை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கலைமதி போக இன்னும் நாலைந்து நாள்தான். ராஜசேகர் வந்து ஓட்டிக் காட்டு என்று நிற்கிறபோது கதவு சாத்தியிருந்தால்? நேரே டெலிபோன் போர்டுதான். சரி, தணிந்து போவோம் என்று முடிவு செய்து, கலைமதி காட்டிய பொத்தானை ஒரு தட்டுத் தட்டி, சின்ன எழுத்துக்கு மாறினாள். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி வந்தது. நிதானமாக ஒரு மன்னிப்பை அடிக்க ஆரம்பித்தாள். உங்கள் வீட்டில் வந்து நான் கத்தியதாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பு இல்லை, வீட்டுப் பழக்கம் தெரியாமல் நடந்துகொண்டது என் தப்புதான், பொறுத்துக்கொள்ளவும். இதுதான் அவள் எழுத நினைத்தது.

இங்கே கம்பெனி வாசல் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த டெலிபோன் கம்பி மெர்சியின் அறைக்கு மட்டும் சொந்தமில்லை. அதே கம்பியில் இன்னொரு போன் கேட்டில் இருந்தது, வாட்ச்மேன் மண்ணாங்கட்டியின் கையில். லாரி வரவில்லை என்றால் லாரி ஆபீஸைக் கூப்பிடுவதற்கு. மோடம் ஓடுகிறபோது அங்கே யாராவது ரிசீவரைத் தூக்கினால் தீர்ந்தது, இங்கே கம்பி அறுந்துவிடும். மெர்சி அவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டு மறுபடி தூக்குவார். அன்றைக்கும் அதே நேரம் பார்த்துத் தூக்கினார்.

திரையில் குப்பை குப்பையாக எழுத்து ஓடியது, நின்றது. மெர்சி மழையில் நனைந்துகொண்டே கேட்டுக்கு ஓடினாள். மண்ணாங்கட்டி ரிசீவரைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் இன்னாம்மா பண்றது? லாரி வரல, ஸ்டோர்க்காரன் கத்தறான். எட்த்தா காதுல கரப்பான் பூச்சி பூந்த மாதிரி கீது," என்றார்.

மொட்டை மாடிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதியில் கம்பி அறுந்தால், அதுவரை வந்ததைத் தூக்கிப் பலகையில் ஒட்டிவிடும். மெர்சியின் மன்னிப்பு எந்த இடத்தில் அறுந்தது என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் வந்து நான் கத்தியதாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பு. அத்தோடு நின்றிருந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் குப்பை எழுத்து, அதுவும் ஏதோ கெட்ட வார்த்தையை மறைத்து எழுதின மாதிரியே இருந்தது.

அவளுக்கு அதைப் பலகைக்குள் போய்ப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. உங்கள் கடைசிச் செய்தி இது, இதற்கு விளக்கம் இருந்தால் கீழே உள்ள நம்பரில் என்னோடு நேரில் பேசவும், குரல் கேட்காமல் திறக்க மாட்டேன் என்று எழுதி, கீழ் வீட்டு டெலிபோன் நம்பரைக் கொடுத்திருந்தார் வீட்டுக்காரர்.

குரல் கேட்க வேண்டுமாம். உலகத்தில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

கலைமதியை விட்டுப் பேசச் சொல்லலாம் என்று எழுந்தாள். கலைமதி அன்றைக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தாள். கதவைத் திறந்தால் எதிரே ராஜசேகர் நின்றுகொண்டிருந்தார். கூடவே கணக்குப் பிரிவு ஆள் ஒருவர். என்ன மெர்சி, ஓட்டிக் காட்டுங்கள் என்று உள்ளே வந்தவர், திரையில் இருந்ததைக் குனிந்து படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தே மெர்சிக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்கு இன்னா யோசனை? போன் போட்டுப் பேசிட்டுப் போங்க," என்று ஹாலில் இருந்த டெலிபோனைக் காட்டினார்.

மெர்சி நம்பரைச் சுற்றினாள். ரிசீவரை வலது காதில் வைத்து அழுத்தினாள், காது மடல் வலிக்க அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தது தெரிந்தது. பேச்சு வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி வந்தது. முகம் இருந்தால் உதட்டைப் பார்க்கலாம். டெலிபோனுக்கு ஏது உதடு? பெயர் கேட்கிறார் என்று நினைத்து மெர்சி என்றாள். மறுபடி ஏதோ கேட்டார். ஊர் கேட்கிறார் என்று நினைத்து மறைமலை நகர் என்றாள். மூன்றாவது முறை என்ன கேட்டாரோ, ஆமாம் சார் என்று சொல்லிவைத்தாள். அந்தப் பக்கம் குரல் கூடியதைப் பார்த்தால் ஆமாம் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது. ராஜசேகர் புருவத்தைச் சுருக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எத்தனை ஆமாம் சொல்வது? இந்த விளையாட்டு இத்தோடு போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. அலுப்பா, கோபமா, அவளுக்கே தெரியவில்லை.

"சார், எனக்குக் காது கேக்காது," என்றாள். "நீங்க பேசறது ஒண்ணுமே புரியல. தயவு பண்ணி கத்திப் பேசுங்க."

சொன்னது எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஹாலில் இருந்த டைப்ரைட்டர்களில் விரல்கள் எல்லாம் அப்படியே நின்றதைப் பார்த்தாள். ராஜசேகர் வாய் லேசாகத் திறந்திருந்தது. ரிசீவரில் ஒன்றுமே வரவில்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தாள்.

வைக்கவில்லை. கத்தக் கூடாது என்று வாசலில் சட்டம் எழுதி மாட்டிய மனுஷன், பெரம்பூரில் தன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"நான் சுப்பிரமணி பேசறேன்மா! வீட்டுக்காரர்! கேக்குதா?"

மெர்சிக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற ராஜசேகருக்கும் கேட்டது. கணக்குப் பிரிவு ஆள் வரைக்கும் கேட்டது. கேட்குது சார் என்று சொல்லி, டெலக்ஸ், கைக்குட்டை, வாட்ச்மேன், பாதியில் அறுந்த மன்னிப்பு எல்லாவற்றையும் மெர்சி கத்திச் சொல்ல, அவர் கத்திக் கேட்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டை கதையில் அவர் சிரித்தது இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டது. கதவைத் திறந்துவிட்டேன்மா, வாங்க என்று சொல்லிப் போனை வைத்தார்.

மெர்சி ரிசீவரை வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தாள். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. ராஜசேகர் அவள் எதிரே வந்து நின்றார். வழக்கத்தைவிட மெதுவாக, உதடு தெரியும்படி பேசினார்.

"அப்ப நான் கூப்பிட்டு நீங்க திரும்பாததெல்லாம்?"

"மெஷின் சத்தம் இல்ல சார்," என்றாள் மெர்சி.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள்.  அவரோ கணக்குப் பிரிவு ஆளிடம் திரும்பி, டெஸ்பாட்ச்சில் இருக்கிற சின்னப்பையனைக் கலைமதியிடம் டெலிபோன் போர்டு பழகச் சொல்லு என்றார். கேட்டில் இருக்கிற போனுக்குத் தனிக் கம்பி இழுக்கச் சொல்லு என்றும் சொன்னார். போகிறபோது மெர்சியிடம், போய் உங்க சீட்டுல உட்காருங்க, ஓட்டிக் காமிக்கிறேன்னீங்களே, எங்க என்றார்.  மெர்சி டெலக்ஸ் அறைக்குப் போனாள். இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம் என்றும் இருந்தது, இன்னும் பயமாகவும் இருந்தது.

மேனேஜர் பின்னால் நிற்க, மெர்சி கம்பியைப் போட்டு மொட்டை மாடிக்குள் போனாள். அவள் பழைய செய்திகள் எல்லாம் அப்படியே இருந்தன. கொள்ளிவாயின் கேள்வியும் அங்கேயே இருந்தது. அதற்கு இதுவரை யாரும் பதில் எழுதவில்லை. கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் அனுப்பாமல் விடுவது டெலக்ஸில் மரியாதை இல்லை. மெர்சி அதன் கீழே சின்ன எழுத்தில் அடித்தாள்.

"கொள்ளிவாய் அவர்களுக்கு. நான் செவிடா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம். வணக்கத்துடன் மெர்சி."

அதன் பிறகு இரண்டு நாள் அந்தப் பலகையில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அரட்டைக்குப் பேர்போன மொட்டை மாடியில் ஈ காக்கை இல்லை. மெர்சி போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது நாள், கலைமதி கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த காலையில், ஒரு செய்தி வந்திருந்தது. கொள்ளிவாய் எழுதியிருந்தான். கீழே தன் உண்மைப் பெயரையும் போட்டிருந்தான். செந்தமிழன், கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

"அக்கா, தெரியாம எழுதிட்டேன். ரொம்ப தப்பு. மன்னிச்சிடுங்க அக்கா."

அத்தனையும் பெரிய எழுத்தில். ஒரு எழுத்துக்கூடச் சின்னதாக இல்லை. அவளுக்குக் காது கேட்காதே, எட்ட வேண்டுமே என்று அந்த மடப்பயல் முழுக்க முழுக்கக் கத்தி எழுதியிருந்தான். சட்டத்தை மீறிய அந்தச் செய்தியை வீட்டுக்காரரும் கிழிக்காமல் விட்டிருந்தார்.

மெர்சி சிரித்தாள். ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்திருக்க வேண்டும், கதவுக் கண்ணாடி வழியாகத் தலைகள் திரும்புவது தெரிந்தது. திரும்பட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொத்தானைச் சரிபார்த்துவிட்டு, சின்ன எழுத்தில் பதில் அடித்தாள்.

"ஏன் தம்பி கத்துறே? இங்க எனக்கு நல்லா கேக்குது."